பூஞ்சைக்கு எதிரே மரம் எழுப்பும் சுவர்கள்

மழை ஓய்ந்து மார்கழி, தை வரும் சமயத்தில் வேப்பமரங்கள் கொப்பு நுனியிலிருந்து கருகிவருவதைத் தமிழ்நாட்டில் சில ஆண்டுகளாகப் பலரும் பார்க்கிறோம். இலை பழுத்து உதிர்வதற்கு முன்பே காய்ந்து கிளையோடு தொங்குகிறது. பூங்கொத்து கருகுகிறது, காய்ப்பு குறைகிறது. "மரம் பட்டுப்போச்சு, வெட்டிப்போடுங்க" என்று தீர்ப்புச் சொல்ல ஒவ்வொரு தெருவிலும் ஆள் உண்டு. ஆனால் அந்த மரங்களில் பல, கோடை தொடங்கும்போது கருகிய பகுதிக்குச் சற்றுக் கீழே புதுக் கொழுந்து விடுகின்றன. நோய் கிளையின் எந்த இடத்தில் நின்றது? ஏன் அங்கே நின்றது? மர நோயியலின் பெரும்பகுதி இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் வளர்ந்திருக்கிறது.

இதை ஸ்ரீவைகுண்டத்தில் இருந்துகொண்டு கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. தாமிரபரணியின் எட்டாவதும் கடைசியுமான அணைக்கட்டு இங்கேதான். ஆற்றங்கரையில் மருதம், சாலையோரத்தில் புளி, வீட்டு வாசலில் வேம்பு, தெற்கே போனால் தேரிக்காட்டில் பனை என்று பூஞ்சையை வெவ்வேறு விதமாக எதிர்கொள்ளும் மரங்கள் ஒரே வட்டாரத்தில் நிற்கின்றன. வல்லநாட்டை அடுத்த கிள்ளிகுளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வ.உ.சி. வேளாண்மைக் கல்லூரியும் இருக்கிறது. பார்க்க மரங்களும் கேட்க ஆட்களும் பக்கத்திலேயே இருந்தும், மரத்துக்குள் நடப்பதைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு.

வேம்பு நுனிக்கருகலுக்குக் காரணமான பூஞ்சையை 1997இல் கர்நாடக ஆய்வாளர்கள் புதிய இனமாக விவரித்து ஃபோமாப்சிஸ் அசாடிராக்டே என்று பெயரிட்டார்கள். மழைத்துளி தெறிக்கும்போது அதன் வித்துகள் பரவுகின்றன, விதையோடும் போகின்றன. தேயிலைக் கொசு எனப்படும் நாவாய்ப்பூச்சியும் இதே பருவத்தில் வேம்பின் இளந்தண்டைக் குத்திச் சாறு உறிஞ்சுகிறது. குத்திய இடம் கருத்துப் பிசின் கசிகிறது, நுனி காய்கிறது. பூச்சி செய்த காயம் பூஞ்சைக்கு வாசலாகிவிடுவதால் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எளிதல்ல. 2021இல் தெலங்கானாவில் வேப்பமரங்கள் பரவலாகக் கருகியபோதும் இந்தக் குழப்பம் எழுந்தது.

செல் என்ன செய்கிறது

விலங்குகளின் இரத்தத்தில் நோயைத் தேடி அலையும் செல்கள் உண்டு. மரத்துக்கு அந்த வசதி கிடையாது. உயிருள்ள ஒவ்வொரு செல்லும் தான் இருக்கும் இடத்தில் நின்றே எதிர்க்க வேண்டும்.

பூஞ்சையின் செல்சுவரில் கைட்டின் இருக்கிறது. இறாலின் ஓட்டில் இருப்பதும் அதே பொருள்தான். தாவரங்கள் கைட்டினை உருவாக்குவதில்லை. ஆகவே கைட்டின் துணுக்கு ஒன்று செல்லின் வெளிச்சவ்வில் பட்டால், வந்திருப்பது வேற்று உயிர் என்பது உறுதி. இதை உணரும் புரதமொன்றை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006இல் நெல்லில் அடையாளம் கண்டார்கள். அதே குடும்பத்துப் புரதங்கள் மரங்களிலும் இருக்கின்றன. உணர்ந்த சில நிமிடங்களில் கால்சியம் அயனிகள் செல்லுக்குள் பாய்கின்றன; ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வீரியமான ஆக்சிஜன் சேர்மங்கள் உண்டாகின்றன. பூஞ்சை துளைக்க முயலும் புள்ளிக்கு நேர் உட்புறத்தில் கல்லோஸ் என்ற மாவுப்பொருள் இனத்துச் சேர்மம் படிந்து சுவரைத் தடிப்பாக்குகிறது. கைட்டினை அறுக்கும் நொதிகளும், பூஞ்சைக்கு நஞ்சாகும் பீனால் சேர்மங்களும் தொடர்ந்து வருகின்றன. எதுவும் பலிக்காவிட்டால் செல் தன்னையே மாய்த்துக்கொள்கிறது.

இந்தக் கடைசி உத்தி எல்லா எதிரிகளிடமும் செல்லாது. 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்டு, அந்தத் தீவின் காப்பித் தோட்டங்களையே அழித்த துரு நோயை எடுத்துக்கொள்வோம். அந்தப் பூஞ்சை உயிரோடிருக்கும் இலைச்செல்லிலிருந்து மட்டுமே உணவெடுக்கும். செல் செத்தால் அதுவும் பட்டினியில் சாகும். எதிர்ப்புத் திறனுள்ள காப்பி வகைகளில் நோய் பட்ட செல்கள் விரைந்து மடிவது அதனால்தான் பலன் தருகிறது. வேம்பைத் தாக்கும் ஃபோமாப்சிஸ் வேறு ரகம். அது செல்லைக் கொன்று, பிணத்தைத் தின்று வளர்வது. அங்கே செல்லின் தற்கொலை எதிரிக்கு விருந்தாகிவிடும். இந்த வகைப் பூஞ்சையைத் தனிச் செல்லால் தடுக்க முடியாது. திசு முழுவதும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும்.

பட்டையில் நடக்கும் பந்தயம்

இளங்கிளையின் பட்டையில் காயம் பட்டதும், செத்த பகுதிக்கும் உயிருள்ள பகுதிக்கும் நடுவே ஓர் எல்லை உருவாகத் தொடங்குகிறது. அந்த எல்லையில் உள்ள செல்கள் தங்கள் சுவர்களில் முதலில் லிக்னினையும் பிறகு சுபரினையும் ஏற்றுகின்றன. லிக்னின் மரத்துக்குக் கடினம் தரும் பொருள். சுபரின் தக்கையை நீர் புகாததாக ஆக்கும் பொருள். இந்த இரட்டைப் பூச்சுக்கு உட்புறத்தில் செல்கள் பிரிந்து புதிய தக்கைத் திசு ஒன்றை வரிசை வரிசையாக உருவாக்குகின்றன. அது முழுதாக மூடிவிட்டால் நோய்ப்பட்ட பட்டை வெளியே ஒதுக்கப்பட்டு, காய்ந்து, காலப்போக்கில் உதிரும். கருகிய வேப்பங்கொப்பில் உயிருள்ள பச்சையும் செத்த பழுப்பும் சந்திக்கும் இடத்தில் கத்தியால் மெல்லச் சீவிப் பாருங்கள். சில கொப்புகளில் கோடு கூர்மையாக இருக்கும். அங்கே மரம் வென்றிருக்கிறது என்று கொள்ளலாம். பழுப்பு பச்சைக்குள் மங்கலாகக் கரைந்து போகும் கொப்பில் சண்டை இன்னும் முடியவில்லை.

முதல் பூச்சுக்குச் சில நாட்கள் ஆகும், தக்கைத் திசு முழுமை பெற வாரங்கள் ஆகும். வெப்பம், ஈரம், மரத்தின் உணவு இருப்பு ஆகியவற்றைப் பொறுத்து இது மாறும். பூஞ்சையும் அந்த நாட்களில் சும்மா இருப்பதில்லை. எனவே எதிர்ப்புத் திறன் என்று நாம் சொல்வது பெரும்பாலும் வேகம்தான். இதற்கு உலகம் கண்ட மிகக் கொடிய சான்று அமெரிக்கச் செஸ்ட்நட் மரம். 1904இல் நியூயார்க் விலங்குக் காட்சிச்சாலையில் கண்டறியப்பட்ட பட்டைக் கருகல் நோய், அரை நூற்றாண்டுக்குள் சுமார் 400 கோடி மரங்களைச் சாய்த்ததாக மதிப்பிடுகிறார்கள். ஆசியாவிலிருந்து சென்ற பூஞ்சை அது. சீனச் செஸ்ட்நட்டும் அதே நோய்க்கு ஆளாகிறது, ஆனால் அதன் பட்டை எல்லையை விரைவாகக் கட்டிவிடுகிறது. அமெரிக்க மரமும் கட்டத்தான் செய்கிறது. கட்டி முடிப்பதற்குள் பூஞ்சை ஆக்சாலிக் அமிலத்தைச் சுரந்து அப்பால் போய்விடுகிறது.

நம் கடற்கரையோரச் சவுக்கிலும் பட்டையைத் தாக்கும் பூஞ்சை ஒன்று உண்டு. பட்டையில் கொப்புளம் கிளம்பி, வெடித்து, உள்ளிருந்து கரும்பொடியாக வித்து கொட்டும். கோயம்புத்தூரில் உள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் சவுக்கில் நோய் தாங்கும் வகைகளைத் தேடிவந்திருக்கிறது. வேம்புக்கும் அப்படியொரு தேடல் பெரிய அளவில் வேண்டும் என்பது என் எண்ணம். ஒரே தெருவில் ஒரு வேம்பு முழுக்கக் கருகி, அடுத்தது நுனியோடு தப்புகிறது. அந்தத் தப்பிய மரத்தின் விதையை யாராவது எடுத்துவைக்கிறோமா?

கட்டைக்குள்

பூஞ்சை பட்டையைத் தாண்டிக் கட்டைக்குள் போய்விட்டால் கதை மாறுகிறது. கட்டையில் பெரும்பகுதி செத்த செல்கள். நீர் ஏற்றும் குழாய்களும் தாங்கும் நார்களும் வளர்ந்து முடிந்தவுடன் இறந்துவிடுகின்றன. அவற்றுக்கிடையே பாரன்கைமா எனப்படும் செல்களும், நடுவிலிருந்து பட்டை நோக்கி ஓடும் கதிர்த்திசுக்களும்தான் உயிரோடு இருப்பவை. மாவுச்சத்தைச் சேமிப்பது இவை, எதிர்ப்பை நடத்துவதும் இவையே. வெப்பமண்டல மரங்களின் கட்டையில் இந்த உயிர்ச்செல்களின் பங்கு குளிர்நாட்டு மரங்களில் இருப்பதைவிட அதிகம்.

குழாய் ஒன்று அறுபட்டுக் காற்றோ பூஞ்சையோ புகுந்தால், பக்கத்திலுள்ள பாரன்கைமா செல் குழாயின் சுவரிலுள்ள நுண்குழி வழியாகப் பலூனாக உப்பி உள்ளே வந்து அடைக்கிறது. இதற்கு டைலோஸ் என்று பெயர். நுண்குழி மிகச் சிறியதாக இருக்கும் மரங்களில் செல்லால் நுழைய முடியாது. அங்கே பிசினைச் சுரந்து குழாயை மூடுகிறது. ஆஸ்திரேலியாவில் மார்கரெட் சாட்டவே 1949இல் இந்த வேறுபாட்டை விளக்கினார்: குழியின் அகலம் ஏறத்தாழ 10 மைக்ரானுக்கு மேல் இருந்தால் டைலோஸ், குறைந்தால் பிசின். தேக்கு முதல் வகை. வேம்பு பிசின் வகை. பட்டைக்கு வெளியே வடிந்து உறையும் வேப்பம் பிசினைச் சிறுவர்கள் சேர்த்து விளையாடுவதைப் பார்த்திருப்போம். உள்ளே குழாய்களிலும் அது அரக்குநிறத்தில் அடைத்திருக்கும்.

இந்த அடைப்புக்கு ஒரு விலை உண்டு. அடைத்த குழாயில் இனி நீர் ஏறாது. வாடல் நோய்களில் இலை தொங்குவது பூஞ்சையின் நஞ்சாலா, செடி தானே குழாயை அடைத்துக்கொள்வதாலா என்று 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கடும் விவாதம் நடந்தது. அதில் சென்னைக்கு முக்கிய இடம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் டி.எஸ். சதாசிவன் தலைமையில் இயங்கிய குழு, வாடல் கண்ட பருத்திச் செடிக்குள்ளேயே ஃபியூசாரிக் அமிலம் என்ற நஞ்சு இருப்பதை 1950களில் காட்டியது. பருத்தியும் தண்டில் கட்டை வைக்கும் செடிதான். தூத்துக்குடி மாவட்டத்துக் கரிசல்காட்டுக்குப் பழக்கப்பட்ட பயிர். நஞ்சும் அடைப்பும் சேர்ந்தே செடியை வாட்டுகின்றன என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்ட நிலை. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்து வாழை விவசாயிகள் வாடல் நோய் வந்த கிழங்கைக் குறுக்கே வெட்டினால் காணும் செம்பழுப்பு நிறமும் அதே போராட்டத்தின் தடம்தான், வாழை மரமல்ல என்றாலும்.

நான்கு சுவர்கள்

கட்டை அழுகுவதற்குப் பூஞ்சையே காரணம் என்பதை ஜெர்மனியின் ராபர்ட் ஹார்டிக் 1870களில் நிறுவினார். அதற்குப் பிறகு நூறாண்டுக் காலம், மரம் அழுகலுக்கு முன் கைகட்டி நிற்கிறது என்றே வனத்துறைகள் நினைத்தன. அதை மாற்றியவர் அமெரிக்க வனத்துறையின் அலெக்ஸ் ஷைகோ. இயந்திர ரம்பத்தால் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாட்டில் பிளந்து பார்த்தவர். 1977இல் வெளியான அவருடைய விளக்கம் இன்றும் துறையின் அடித்தளம்.

காயம் பட்ட மரம் நான்கு திசையில் அடைக்கிறது என்றார் ஷைகோ. மேலும் கீழும் குழாய்கள் அடைபடுகின்றன. இது நான்கில் பலவீனமானது. உள்நோக்கிப் போவதை வளர்ச்சி வளையங்களின் விளிம்புச் செல்கள் தடுக்கின்றன. பக்கவாட்டில் கதிர்த்திசுக்கள் நிற்கின்றன. நான்காவது சுவர்தான் வலுவானது: காயத்துக்குப் பிறகு, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள வளர்திசுவான கேம்பியம் புதிதாக உருவாக்கும் தனித் திசு. காயத்துக்கு முன் இருந்த கட்டை ஒருபுறம், இனி வளரப்போகும் கட்டை மறுபுறம் என்று அது கோடு போடுகிறது. மனிதத் தோலில் புண் ஆறும்போது பழைய இடத்திலேயே புதுத் தசை வளர்கிறது. மரத்தில் அழுகிய கட்டை ஒருபோதும் திரும்ப நல்ல கட்டையாவதில்லை. அதை உள்ளே பூட்டிவைத்து, வெளியே புதிதாக வளர்ந்து மரம் தப்புகிறது.

எதிர்வாதமும் வந்தது. 1983இல் பிரிட்டனின் லின் பாடியும் ஆலன் ரேனரும் சொன்னது இது: உயிருள்ள சாற்றுக்கட்டையில் நீர் நிறைந்திருக்கிறது, பூஞ்சைக்கு வேண்டிய காற்று இல்லை, கட்டையைக் காப்பது முதன்மையாக அந்த ஈரம்தான், சுவர்கள் ஈரம் வெளியேறாமல் தடுப்பவை. எனக்கு இரண்டும் மோதுவதாகத் தோன்றவில்லை. ஆனால் நம் வெயிலுக்கு இரண்டாவது கருத்து கூடுதல் எடை கொண்டது. சித்திரை வெயிலில் பெருங்கிளையை வெட்டினால் வெட்டுவாய் விரைவாகக் காய்ந்து, காற்று ஆழமாக இறங்குகிறது. அடைக்கும் வேலையைத் தொடங்க வேண்டிய செல்களே முதலில் சாகின்றன.

எல்லாச் சுவரும் நிலைப்பதில்லை. சில பூஞ்சைகள் மரம் நிரப்பிய செல்களின் சுவருக்குள்ளேயே சுரங்கம் தோண்டி மெல்ல நகர்வதை ஃபிரான்சிஸ் ஷ்வார்ட்சே விளக்கியிருக்கிறார். அடிமரத்தில் குடைபோல் முளைக்கும் கேனோடெர்மா அவ்வகையில் பொறுமையானது.

அந்தக் கேனோடெர்மாவின் முன் மிகவும் தனியாக நிற்பவை தென்னையும் பனையும். இவற்றுக்குக் கேம்பியம் கிடையாது. ஆகவே வலுவான நான்காவது சுவரை இவற்றால் எழுப்பவே முடியாது. தென்னையில் ஏறுவதற்கு வெட்டிய படிக்குழி மரத்தின் ஆயுள் முழுதும் அப்படியே இருப்பதைப் பார்க்கிறோமே, அதுதான் காரணம். தண்டுச் செல்கள் மரத்தின் ஆயுள்வரை உயிரோடிருப்பது மட்டும் ஓர் ஈடு. 1952இல் தஞ்சாவூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்டுத் தஞ்சாவூர் வாடல் என்றே பெயர்பெற்ற நோயில் கேனோடெர்மா தென்னையின் அடித்தண்டைத் தின்கிறது. செம்பழுப்புச் சாறு வடிகிறது. சாறு தெரியும்போது உள்ளே பெரும்பகுதி போயிருக்கும். தென்னையில் காயம் தவிர்ப்பதே மருத்துவம்.

அடைத்துவைப்பது சில நேரம் செல்வமாகவும் ஆகிறது. அசாமில் வளரும் அகில் மரத்தின் வெண்கட்டைக்கு மணமில்லை. காயமும் பூஞ்சையும் சேர்ந்து தாக்கிய இடத்தில் உயிர்ச்செல்கள் கரும்பிசினைச் சுரந்து எல்லை கட்டுகின்றன. அந்தக் கறைபட்ட கட்டைதான் அகில். முத்துக்குளித்துறைக்காரர்களுக்கு இது புதிய செய்தியல்ல. சிப்பியும் உள்ளே புகுந்த அந்நியப் பொருளை வெளியேற்ற முடியாமல் அதைச் சுற்றிப் பூசிப்பூசித்தான் முத்தாக்குகிறது. அந்த வழியைப் பயன்படுத்தி, தூத்துக்குடியில் இயங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973இல் இந்தியாவில் வளர்ப்பு முத்தை உருவாக்கினார்கள்.

பொந்தும் வெள்ளமும்

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் ஆழ்வார்திருநகரி. அங்கே புளியமரப் பொந்தில் நம்மாழ்வார் 16 ஆண்டுகள் யோகத்தில் அமர்ந்திருந்தார் என்பது வைணவ மரபு. அந்தத் திருப்புளியை இன்றும் வணங்குகிறார்கள். பொந்து விழுந்த புளி பல தலைமுறை காய்க்கும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரிந்ததுதான். அதன் கணக்கும் எளிது. தண்டின் அரைவிட்டத்தில் உட்பாதி முழுவதும் கரைந்துபோனாலும் வளைவைத் தாங்கும் விறைப்பில் குறைவது 16இல் 1 பங்குதான், வெளிச்சுவர் விரிசலில்லாமல் இருந்தால். பொந்து என்பது தோற்ற மரத்தின் அடையாளமல்ல. நான்காவது சுவர் வெகுகாலம் தாங்கியிருக்கிறது என்பதற்கான சான்று.

சுவர் எழுப்ப மாவுச்சத்து வேண்டும், அதை எரிக்க ஆக்சிஜன் வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயிலின் பயணிகள் நூற்றுக்கணக்கில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சிக்கினார்கள். மனிதர்களும் ஆடுமாடுகளும் பட்ட பாட்டைப் பேசினோம். நாள்கணக்கில் நீரில் நின்ற வேர்களைப் பற்றிப் பேசவில்லை. காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். மருதம் ஆற்றங்கரை மரம், தாங்கும். வேம்பு நீர்தேங்கலைத் தாங்காதது. மூச்சுமுட்டிய வேர் சேமிப்பை வீணாகக் கரைக்கிறது. அடுத்த நோய்க்கு எதிராகச் செலவிட மரத்திடம் கையிருப்பு இருக்காது. அடிமரத்தைச் சுற்றித் தாரும் சிமெண்ட் தளமும் போடும்போது இதே மூச்சுமுட்டலை நாம் ஆண்டு முழுவதும் நிரந்தரமாக்குகிறோம்.

மின்கம்பிக்காகவோ சாலைக்காகவோ கிளையை வெட்டுகிறவர்கள் தண்டோடு ஒட்ட வெட்டுகிறார்கள், அல்லது முழநீளக் கட்டையை விட்டுவிடுகிறார்கள். இரண்டும் தவறு. கிளை தண்டோடு சேருமிடத்தில் வளையமாகத் தடித்திருக்கும். அடைக்கும் திசு அங்கேதான் திரண்டிருக்கிறது. வெட்டு அந்த வளையத்துக்குச் சற்று வெளியே விழ வேண்டும். காலம் தை, மாசி: மழை போயிருக்கும், வேம்பில் கொழுந்து கிளம்பப்போகும் தறுவாய். கருகிய கொப்புகளைப் பச்சைக்குள் சற்றுத் தள்ளி வெட்டி எரித்துவிடலாம். பழத்தோட்டத்தில் வெட்டுவாயில் போர்டோ பசை பூசுவது பலன் தரும், ஏனெனில் அங்கே எதிரி புதுக்காயத்தில் இறங்கும் பட்டைப் பூஞ்சை. பெரிய மரத்தின் காயத்தில் தார் பூசுவது கட்டை அழுகலைத் தடுப்பதில்லை என்பதை ஷைகோவே சோதித்துக் காட்டினார். பொந்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து சிமெண்ட் நிரப்புவது அதைவிடக் கேடு. சுரண்டும் கை மரம் பல ஆண்டு உழைத்துக் கட்டிய எல்லையை உடைக்கிறது. விளம்பரத் தட்டிக்காக அடிக்கும் ஒவ்வோர் ஆணியும் ஒரு புதிய வாசல்.

உங்கள் தெருவில் வேம்பு கருகியிருந்தால் இந்த ஆண்டு வெட்ட விடாதீர்கள். காய்ந்த கொப்பை மட்டும் கழித்து, அடியில் மண்ணைத் திறந்துவைத்து, ஒரு பங்குனிவரை பொறுத்துப் பாருங்கள். தழைத்தால் அதன் விதையை எடுத்துக் கிள்ளிகுளம் கல்லூரிக்கோ பக்கத்து வனத்துறை நாற்றங்காலுக்கோ கொண்டுபோய்க் கொடுங்கள்.